முற்றத்தில் வான் பாய்ந்த இரவு

தங்கச்சியின் மகளுக்குத் தை மாதம் கலியாணம். கிளிநொச்சியில் குளிரூட்டிய மண்டபம் எடுப்போம் என்று வீட்டார் எல்லாரும் நிற்க, முள்ளியவளையில் எங்கள் அப்பப்பா கட்டிய, நடுவில் திறந்த முற்றம் உள்ள நாற்சார் வீட்டில்தான் தாலி கட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். கனடா ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிட்டு மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் வந்து சேர்ந்ததிலோ, ஐயரிலோ, மேளத்திலோ, சமையலிலோ ஒரு குறையும் சொல்ல இல்லை. எழுத வந்தது முற்றத்து மழைத்தண்ணி வெளியே போகிற தூம்பைப் பற்றி.

சண்டை முடிந்து மெனிக்பாம் அகதி முகாமில் இருந்து சனம் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் ஓடு இல்லை, யன்னல் இல்லை, முதிரைக் கதவு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புச் சுவரும் நாலு பக்கத் திண்ணையும் நடு முற்றமும் மட்டும் நின்றன. வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் சேர்ந்து காசு போட்டு 2014 இல் கூரையைப் போட்டோம். இப்போது ஒன்றுவிட்ட தம்பி அதைப் பார்த்துக்கொண்டு, கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று வாடகைக்கு விடுகிறான். பின்வளவில் மா, பலா, கமுகு, கிணத்தடியில் வாழை. வன்னியில் இப்படி ஒரு வீடு தப்பி நிற்பது பெரிய விசயம். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சோடனைக்காரர் முதல்நாள் மத்தியானம் லொறியில் வந்து இறங்கினார்கள். மூன்றரை இலட்சம் ரூபா பக்கேஜ். முற்றம் முழுக்கச் செயற்கைப் புல் விரித்து, ஓரங்களை ரேப் போட்டு ஒட்டி, அதற்கு மேல் பலகை அடித்து மணவறையை வைத்தார்கள். பொழுதுபடுகிற நேரம் லைற் எரியப் பார்த்தபோது என் கண் கலங்கியது உண்மை. அம்மா இருந்திருந்தால் தலைவாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பா.

ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது.

நாற்சார் வீடு தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாலு கூரைத் தண்ணியும் உள்ளுக்குத்தான் விழும். முற்றத்து மூலையில் இருக்கிற தூம்பு அதை இழுத்து வெளியே விட்டுவிடும். சின்ன வயதில் அந்தத் தூம்பு வாயில் கடுதாசிக் கப்பல் விட்டு, அது மறுபக்கம் வாழையடியில் வருகிறதா என்று ஓடிப் பார்த்திருக்கிறோம். எந்த மாரிக்கும் அந்த முற்றத்தில் கால் நனைய நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டரைக்கு முற்றத்தில் கணுக்கால் தண்ணி. புல் விரிப்பு ஊதி எழும்பி மிதக்கிறது. மணவறைப் பலகை ஒரு பக்கம் தூக்கி ஆடுகிறது. அடுத்த அரைமணியில் தண்ணி திண்ணை விளிம்பைத் தொட்டது. திண்ணையில்தான் அரிசிமூட்டை, பலகாரப் பெட்டி, நிறைகுடத்துச் சாமான், கூறைத்தட்டு எல்லாம். பெண்டுகள் சீலையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக அறைக்குள் தூக்கினார்கள். மணப்பெண் மருதாணிக் கையோடு கதவு நிலையில் நின்று அழுகிறாள். முகூர்த்தம் ஆறே முக்காலுக்கு.

சோடனைக்காரருக்கு எடுத்தால் நாலாவது தரம்தான் எடுத்தார்கள்.

"தம்பி, முற்றத்துத் தூம்பை என்ன செய்தனீங்கள்?"

"அந்த ஓட்டையோ அண்ணை? பாம்பு பூச்சி வருமெண்டு பொடியள் சாக்கு வைச்சு அடைச்சவங்கள். மழைக்கு நாங்கள் ஒண்டும் செய்யேலாது, அது பக்கேஜில இல்லை."

மழையை நிற்பாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அடைத்ததை ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றுதான் கேட்டேன். கனடாவில் வீட்டு வேலைக்கு ஒருவர் வந்தால், அவர் முதல் கேட்பது தண்ணியை மூடுகிற இடம் எது என்றுதான். மண்டபம் எடுத்தால், எந்தக் கதவை மறைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தக் கெடுபிடி எனக்கு அங்கே எரிச்சலாக இருந்திருக்கிறது. அன்றைக்கு இரவு அதன் அருமை விளங்கியது. எங்கள் தம்பியிலும் பிழை உண்டு. வீட்டை வாடகைக்கு விடுகிறவன் பக்கத்தில் நின்றிருக்கவேண்டும். அவனுக்கே தூம்பு எங்கே போகிறதென்று தெரியவில்லை.

பலகையைக் கழற்றாமல் உள்ளேயிருந்து சாக்கை எடுக்க வழியில்லை. பலகையோ தண்ணிக்குக் கீழே ஆணி அடித்தபடி. பொடியள் வாளியால் இறைக்கத் தொடங்கினார்கள். இறைக்க இறைக்கக் கூரை ஊற்றியது.

அப்போதுதான் அடுத்த வளவுப் பெரியையா வந்தார். எண்பது வயது இருக்கும். தலையில் உரப்பை, கையில் ரோச். ஒருவரும் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டு வந்திருக்கிறார். முற்றத்தைப் பார்த்ததும், "என்னடா இது, முற்றத்தில வான் பாயுது. துருசைப் பூட்டிப்போட்டு வாளியால குளத்தை இறைக்கிறீங்களோ?" என்றார். வான் பாய்கிறதென்றால் குளம் நிரம்பி வழிகிறது, துருசு என்றால் குளத்து மதகு. சொல்லிவிட்டு நேரே பின்வளவுக்கு நடந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

கிணத்தடி வாழைக்குள் குனிந்து சருகைக் கையால் வாரினார். அங்கே ஒரு சாண் அகலத்தில் சுட்ட மண்குழாயின் வாய். மாமரத்தில் சாத்தியிருந்த கொக்கத்தடியை எடுத்து, கொக்கையை அவிழ்த்து, தடியை உள்ளே விட்டார். உள்ளே போய் ஓரிடத்தில் முட்டி நின்றது. தடியை இழுத்து மறுபடி இடித்தார். மூன்றாவது இடியில் உள்ளே ஏதோ தளர்ந்தது. சாக்கு எதிர்ப்பக்கமாக முற்றத்துக்குள் தள்ளுப்பட, குழாய் ஒருதரம் விக்கியது. பிறகு தண்ணி அவர் முழங்காலில் அடித்துக்கொண்டு வாழைக்குள் பாய்ந்தது. செத்தல் இலை, பூவிதழ், ரேப் துண்டு எல்லாம் அதோடு வந்தன.

"உன்ர அப்பப்பா இந்த வாழைக்கு மாரியில ஒருநாளும் தண்ணி கட்டினதில்லை" என்றார். குழாய் இறக்கிய காலத்தில் மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவராம், பன்னிரண்டு வயதில்.

இருபது நிமிசத்தில் முற்றம் வெளித்தது. ஈரப் புல்லைச் சுருட்டி எறிந்துவிட்டு, தங்கச்சியும் மச்சாளும் முற்றத்தைக் கூட்டி, வெறும் நிலத்தில் கோலம் போட்டார்கள். ஆறே முக்காலுக்குக் கெட்டிமேளம் கொட்டியது. அந்த நிலத்தில்தான் என் தங்கச்சிக்கும் தாலி ஏறியது. அடுத்த பன்னிரண்டு வருசத்தில் அவள் சண்டைக்குப் பயந்து அந்த வீட்டை மூன்றுதரம் விட்டுவிட்டு ஓடினாள்.

பின்னேரம் சோடனைக்காரர் சாமான் ஏற்ற வந்து, புல் விரிப்புப் பழுதானதுக்குக் காசு கேட்டார்கள். கொடுக்கவில்லை. மிச்சப் பணத்தில் கழிக்கும்படி நான் கேட்டதற்கு இன்றுவரை மறுமொழியும் இல்லை. பெரியையாவுக்கு ஒரு என்வலப் நீட்டினேன், வாங்கவில்லை. சபையில் முதல் பந்தியில் இருத்திச் சோறு போட்டோம், அதை மறுக்கவில்லை.

நான் வெளிக்கிட முதல்நாள் அவரைக் கூட்டிவந்து, தம்பியையும் பக்கத்தில் நிற்கவைத்து, வீட்டைச் சுற்றி நடந்தோம். தூம்பு வாய், குழாய் போகிற வழி, வாழையடியில் அது திறக்கிற இடம் மூன்றையும் அவர் காட்டக் காட்டத் தம்பி சுண்ணாம்பால் வட்டம் போட்டான். வாடகைக் கடதாசியிலும் அந்த இடங்களை எழுதச் சொல்லியிருக்கிறேன். மாரியில் அந்த வீட்டை எடுக்கிறவர்கள் சோடனை ஏறமுதல் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொக்கத்தடி மாமரத்தோடு சாத்தியிருக்கிறது.