தக்காளி வரைபடத்தைக் கத்தரிக்குக் கொண்டுபோக எந்த மார்க்கர்?

தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். நான்குக்கும் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 12தான். எந்த ஜீன் எந்தக் குரோமோசோமில் எங்கே என்று காட்டுவது மரபணு வரைபடம். தக்காளியில் பல வருடம் உழைத்துப் போட்ட அந்த வரைபடத்தைப் பக்கத்து வீட்டுக் கத்தரிக்கும் பயன்படுத்த வேண்டுமென்றால், இரண்டிலும் பெரிதாக மாறாமல் இருக்கும் டி.என்.ஏ. பகுதிகள்தான் பிடிமானம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மார்க்கர், அதாவது வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டும் டி.என்.ஏ. அடையாளம், இன்னொரு இனத்திலும் வேலை செய்ய அந்தப் பகுதி மாறாமல் இருக்க வேண்டும். வரைபடம் போடவோ, கலப்பின் தாயும் தந்தையும் அதே இடத்தில் வேறுபட வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் இந்த இரண்டையும் அது எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பழையது ஆர்.எஃப்.எல்.பி.: செடியின் டி.என்.ஏ.வை வெட்டுநொதியால் (குறிப்பிட்ட இடங்களில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) நறுக்கி, தெரிந்த ஒரு டி.என்.ஏ. துண்டை அதில் ஒட்டவிட்டு, ஒட்டிய இடத்தின் நீளம் செடிக்குச் செடி மாறுகிறதா என்று பார்க்கும் முறை. கார்னெல் பல்கலைக்கழகக் குழு 1988-இல் தக்காளியின் டி.என்.ஏ. துண்டுகளையே கொண்டு உருளையின் வரைபடத்தைப் போட்டது. இரண்டு பயிர்களுக்கும் இடையே 5 குரோமோசோம் துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருப்பது 1992-இல் தெளிவானது. ஒட்டவிடும் துண்டு நூற்றுக்கணக்கான எழுத்து (டி.என்.ஏ.வின் A, T, G, C) நீளம் என்பதால் அங்கங்கே சில எழுத்து மாறினாலும் ஒட்டிக்கொள்ளும். இதுதான் இதன் பலம். ஆனால் ஒவ்வொரு செடியிலிருந்தும் நிறைய டி.என்.ஏ. வேண்டும், கதிரியக்கப் பாஸ்பரஸ், எக்ஸ்ரே ஃபிலிம், நாள்கணக்கில் காத்திருப்பு. ஜீன் குடும்பத்தில் பல நகல்கள் இருந்தால் ஃபிலிமில் பல பட்டைகள் தெரியும். தக்காளி ஜீனுக்கு நேரானது எது என்று குழம்பிப்போவோம்.

எஸ்.எஸ்.ஆர். (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை வைத்த மார்க்கர்) இதற்கு நேரெதிர். ஒரே இனத்துக்குள் வேறுபாடு காட்டுவதில் கெட்டி. இனம் விலக விலக பிரைமர் (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையில் தொடக்கமாக ஒட்டும் சிறு துண்டு) கைவிட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது காஸ் (COS) மார்க்கர்கள், அதாவது இனங்களுக்கிடையே பெரிதாக மாறாத ஜீன்களை வைத்தவை. 2002-இல் தக்காளியின் ஜீன் துணுக்குகளை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டு, இரண்டிலும் ஒன்றோ சில நகல்களோ மட்டுமே உள்ள 1,025 ஜீன்களைப் பிரித்தெடுத்தார்கள். நகல் குழப்பம் பெரும்பாலும் அங்கேயே அடிபட்டுப் போனது. 2006-இல் வந்த காஸ் இரண்டாம் பதிப்பில் 2,869 ஜீன்கள். அதில் பிரைமர் வைத்த இடத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய 20 எழுத்துள்ள இரண்டு பிரைமர்கள், இரண்டு எக்ஸான்களில் உட்காரும். நடுவில் ஓர் இன்ட்ரான், அதாவது ஜீனுக்குள்ளேயே புரதத்தில் சேராத இடைப்பகுதி. எக்ஸான் புரதத்துக்கானது, எளிதில் மாறாது. அதனால் பிரைமர் கத்தரியிலும் ஒட்டும். இன்ட்ரானுக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. நீளமோ எழுத்தோ மாறிக்கொண்டே இருக்கும். நீளம் மாறியிருந்தால், டி.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரிக்கும் சாதாரண அகரோஸ் ஜெல்லிலேயே தெரிந்துவிடும், இல்லையென்றால் பி.சி.ஆரில் கிடைத்ததை வெட்டுநொதி போட்டுப் பார்க்கலாம். சரி, குறையே இல்லையா? பிரைமரின் வால் நுனியில் ஓர் எழுத்து தவறினாலே பட்டை வராமல் போகலாம். ஒவ்வொரு மார்க்கரையும் தனித்தனியாக ஓட்டுவதும் அலுப்பான வேலை.

2011-க்குப் பிறகு ஜி.பி.எஸ். (GBS, டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தியே மார்க்கர் கண்டறியும் முறை) வந்ததும் கணக்கு மாறியது. வெட்டுநொதியால் துண்டாக்கி, துண்டுகளின் நுனியை மட்டும் வரிசைப்படுத்தினால் ஆயிரக்கணக்கான எஸ்.என்.பி. (ஓர் எழுத்து வேறுபாடு) கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் வெட்டும் இடமே இன்னொரு இனத்தில் மாறியிருந்தால் அந்த மார்க்கர் அங்கே காணாமல் போகும். தக்காளிக்கு 2012-லிருந்து முழு மரபணுத்தொகுதியின் எழுத்து வரிசை இருக்கிறது, அதில் பொருத்திப் பார்க்கலாம்தான். இருந்தாலும் கத்தரித் துணுக்குகளில் ஜீன் பகுதியில் விழுந்தவையே நம்பகமாகப் பொருந்தும். ஜீன்களுக்கு வெளியே இரண்டும் வெகுவாக விலகிவிட்டன. ஆக, ஒப்பீட்டைத் தாங்குவது இங்கேயும் மாறாத பகுதிதான்.

இவ்வளவு மெனக்கெடுவதால் என்ன லாபம்? 2002-இல் கத்தரியையும் அதன் காட்டு உறவினம் ஒன்றையும் கலந்து, 58 செடிகளை மட்டும் வைத்து 233 மார்க்கர்களில் வரைபடம் போட்டார்கள். அதுவும் தக்காளித் துண்டுகளைக் கொண்டு, பழைய ஆர்.எஃப்.எல்.பி. முறையில்தான். பொது மூதாதையிடமிருந்து பிரிந்த பின் தக்காளிக்கும் கத்தரிக்கும் இடையில் 28 மாற்றங்கள்: 23 தலைகீழ்த் திருப்பங்கள், 5 இடமாற்றங்கள். காய் எடை, வடிவம், நிறம், முள் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் குரோமோசோம் இடங்களைத் தேடியதில், கத்தரியில் கிடைத்த இடங்களில் 40 சதவீதத்துக்குத் தக்காளி, உருளை, மிளகாய் இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது இணை இருப்பதாகத் தெரிந்தது.

ஜெல்லும் பி.சி.ஆரும் மட்டுமே உள்ள சின்ன ஆய்வகம் என்றால், குரோமோசோமுக்கு ஐந்தாறு காஸ் மார்க்கர்களை நட்டு, இடைவெளியைக் கத்தரிக்கே உரிய எஸ்.எஸ்.ஆரால் நிரப்பச் சொல்வேன். வரிசைப்படுத்தும் வசதி இருந்தால் நிரப்பும் வேலைக்கு ஜி.பி.எஸ். போதும். எதுவானாலும் கலப்புக்கு நாட்டுக் கத்தரி வகைகள் இரண்டை எடுத்தால் வேறுபாடு போதாமல் திண்டாடுவீர்கள். ஒன்றாவது காட்டு உறவாக இருக்கட்டும்.