"மரைன் கியர்பாக்ஸ்" என்ற பெயரில் வந்தது ஆங்கிள் கிரைண்டர் தலை: மிதிபடகு கிட் வாங்குவோர் கவனத்துக்கு

பெடல் மிதித்து ஓட்டும் மரப்படகை வீட்டிலேயே கட்ட, எல்லாப் பொருளும் அடங்கிய "முழு கிட்" என்று விற்கப்பட்ட பெட்டி ஒன்றைப் பற்றிய பதிவு இது. முதல்முறை படகு கட்டுகிற ஒருவர் அதை வாங்கி, கூட வந்த காகிதத்தில் சொன்னபடியே பிசகாமல் கட்டி, தண்ணீரில் இறக்கினார். முதல் நாளே மிதி சுழன்றது, புரொப்பல்லர் சுழலவில்லை. மூன்றாவது வாரம் அடிப்பலகை கொப்புளித்தது. படகு பழுதுபார்க்க எங்களிடம் வந்தது. பிரித்துப் பார்த்ததில் கண்டவை கீழே. கட்டியவர் மேல் பெரிய தவறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ரெசினும் கண்ணாடி நார் நாடாவும் போட்டுக் கட்டும் படகு இது. தையல் துளைகள் 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக இருந்தன, மூலைப் பூச்சு சீராக இருந்தது. பொருள்தான் பொய்.

விளம்பரத்திலேயே ஒரு தடயம் இருந்தது. 4.4 மீட்டர் நீளப் படகு, ஒருவர் மிதித்தால் மணிக்கு 15 கி.மீ. போகும் என்று போட்டிருந்தார்கள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரணப் படகுக்கு அதன் நீர்க்கோட்டு நீளமே வேக எல்லையை வகுத்துவிடும். நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் (கப்பல் வேக அளவு, 1 நாட் மணிக்கு 1.85 கி.மீ.) கணக்கில் வேகம் வரும். இந்தப் படகின் நீர்க்கோடு 4.2 மீட்டர், அதாவது 13.8 அடி. கணக்கு 5 நாட் வேகத்தில் நிற்கிறது, மணிக்கு 9.2 கி.மீ. அதுவும் கால் வலிக்க மிதித்தால்தான். பழக்கமில்லாத ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடிய சக்தி 75 முதல் 100 வாட். அந்தச் சக்திக்கு இந்த மாதிரிப் படகு மணிக்கு 6 முதல் 7 கி.மீ. போனால் நல்ல படகு. வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். மனிதர் மிதித்து 15 கி.மீ.யைத் தாண்டவே முடியாது என்றில்லை. 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார் கட்டிய டெக்காவிட்டேட்டர் என்ற மிதிபடகு 100 மீட்டர் தூரத்தில் 18.5 நாட் தொட்டது. ஆனால் அது நீருக்குள் சிறகு வைத்து, உடலையே தண்ணீரைவிட்டு மேலே தூக்கிக்கொண்டு, காற்றுப் புரொப்பல்லரால் ஓடியது. பிளைவுட்டில் தைத்த படகுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேகக் கணக்கில் பொய் சொல்கிறவர் பலகைக் கணக்கில் மட்டும் உண்மை சொல்வாரா என்று அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இனி பெட்டிக்குள்.

"எபாக்ஸி" என்று ஒட்டிய டப்பாவில் 5 கிலோ ரெசின், கூடவே விரல் நீளத்துக்கு ஒரு சொட்டு மருந்து பாட்டில். இதைப் பார்த்த மாத்திரத்தில் மூடி வைத்திருக்கலாம். எபாக்ஸிக்கு ஹார்டனர், அதாவது ரெசினை இறுக வைக்கும் திரவம், சொட்டுக் கணக்கில் வராது. பிராண்டைப் பொறுத்து 2க்கு 1, 3க்கு 1, 5க்கு 1 என்று, ரெசினுக்கு ஈடு சொல்லும் அளவில் இரண்டாவது டப்பாவே வரும். 100க்கு 1 அல்லது 2 பங்கு விட்டாலே இறுகுவது பாலியெஸ்டர் ரெசின். அதைத் திறந்ததும் ஸ்டைரீன் நெடி மூக்கைத் துளைக்கும். வாசனையில் பழக்கம் இல்லாதவருக்கு இன்னொரு வழி: ஒரு துண்டு தெர்மாகோல் மேல் அந்த ரெசினில் ஒரு சொட்டு விடுங்கள். பாலியெஸ்டர் என்றால் சில நிமிடத்தில் தெர்மாகோல் கரைந்து குழி விழும். கலப்படம் இல்லாத எபாக்ஸி சும்மா உட்கார்ந்திருக்கும். இந்தப் படகின் அணியத்தில் (முன்முனையில்) மிதவைக்காக வைத்த தெர்மாகோல் கட்டியைத் திறந்தபோது, மேலே ரெசின் வழிந்த இடத்தில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. உள்ளே காற்றுதான் இருந்தது.

பாலியெஸ்டரால் படகு கட்டுவதில்லையா என்றால், கட்டுகிறார்கள். முழுக்க ஃபைபரில் வார்க்கும் படகுக்கு அது சரி. மரத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம்தான் அதற்குக் குறைவு. பலகை ஈரத்தில் சற்று ஊதி வெயிலில் சுருங்கும்போது அது கூடவே அசையாது, விட்டுவிடும். மூலை நாடாவின் ஓரத்தை உளி முனையால் நெம்பியதும் முழ நீளத்துக்கு ஒரே பட்டையாக உரிந்து வந்தது. பின்பக்கத்தில் ஒரு மர நார்கூட ஒட்டியிருக்கவில்லை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. நல்ல எபாக்ஸி ஒட்டு என்றால் உரிக்கும்போது மரத்தையும் பிய்த்துக்கொண்டு வர வேண்டும்.

துணியிலும் இதே கதை. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி நார்த் துணி என்று பட்டியலில் இருந்தது, வந்தது நறுக்கிய நார் பாய். அந்தப் பாயின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது. எபாக்ஸியில் சரியாகக் கரையாது, வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். நெய்த துணி எபாக்ஸியில் நனைந்ததும் கண்ணுக்கே தெரியாமல் போய், அடியில் மரத்தின் ரேகை தெரியும். எந்தத் துணியானாலும் உள்ளங்கை அகலத் துண்டை நனைத்துப் பார்த்துவிட்டுப் படகில் வையுங்கள்.

பலகைதான் பெரிய மோசடி. 6 மி.மீ. மரைன் பிளை, எட்டுக்கு நாலு அடி, 3 ஷீட். ஒவ்வொன்றிலும் பி.எஸ். 1088 என்று, மரைன் பிளைக்கான பிரிட்டிஷ் தர முத்திரை. முத்திரை என்பது மை, யாரும் அடித்துக்கொள்ளலாம். இந்தியத் தரமான ஐ.எஸ். 710 முத்திரைக்கும் இதே பேச்சுதான். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நல்ல 6 மி.மீ. பலகையில் 5 அடுக்கு இருக்கும், அடுக்குகள் ஏறக்குறைய ஒரே தடிமன். இதில் 3 அடுக்கு: நடுவில் தடித்த மட்டமான மரம், மேலும் கீழும் காகிதம் போல ஒரு தோல். 120 எண் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்ததும் தோல் தேய்ந்து நடு மரம் எட்டிப் பார்த்தது. விளிம்பில் ஈர்க்குச்சி நுழையும் ஓட்டைகளும் இருந்தன. உள்ளே பொந்து இருந்தால் ஒரு துளி தண்ணீர் விளிம்பில் புகுந்து, அடி நீளம் ஓடி, எதிர்பாராத இடத்தில் கொப்புளமாக வரும். வாங்கும்போது நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்று வரும் சத்தம் திடீரென்று "பொத்" என்றால் அங்கே வெற்றிடம்.

பசைக்கோட்டின் நிறத்தைப் பார்த்தால் போதும் என்பார்கள். பீனாலிக் பசை அடர் பழுப்பு, அறைகலன் பலகையில் போடும் யூரியா பசை வெளிர் நிறம். உண்மைதான், ஆனால் சாயம் கலக்கத் தெரிந்தவர்களிடம் இந்தச் சோதனை செல்லாது. கொதிக்க வைப்பது ஒன்றுதான் வழி. 10 செ.மீ. சதுரத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் பத்திரமாக வைத்து, மற்றதைக் கொதிநீரில் மூழ்கும்படி எடை வைத்துப் போடுங்கள். மரைன் தரம் கேட்பது 72 மணி நேரம். வீட்டில் அவ்வளவு முடியாது, 8 மணி நேரம் கொதிக்க வைத்து, காயவைத்து, உளியை அடுக்குக்கு நடுவே விட்டு நெம்புங்கள். மரம் கிழிந்தால் தேறியது. பசைக்கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்தால் திருப்பி அனுப்புங்கள். இந்தக் கிட்டின் மிச்சத் துண்டு இரண்டாவது மணி நேரத்தில், உளி தொடும் முன்பே, புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது.

எடை போட்டுப் பார்ப்பதும் உதவும், பசையைச் சொல்லாது, மரத்தைச் சொல்லும். 6 மி.மீ. முழு ஷீட்டின் கன அளவு ஏறத்தாழ 0.018 கன மீட்டர். ஒக்கூமே போன்ற இலேசான மரம் என்றால் ஷீட் சுமார் 9 கிலோ, குர்ஜன் போன்ற கனத்த மரம் என்றால் 13 கிலோ. இலேசு என்று சொல்லி 13 கிலோ ஷீட் தந்தால் 3 ஷீட்டில் 12 கிலோ கூடும். இந்த அகலப் படகு 20 கிலோவுக்கு ஒரு செ.மீ. கூடுதலாகத் தாழும், ஆக அது பெரிய நஷ்டமில்லை. பொய் சொன்னார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

அடுத்தது தலைப்பில் சொன்ன சங்கதி, மிதியின் சுழற்சியைப் புரொப்பல்லர் தண்டுக்குத் திருப்பிவிடும் கியர்பாக்ஸ். நீல பெயின்ட் பூசிய அலுமினிய வார்ப்பு, உள்ளே இரண்டு சாய்பற்சக்கரம். பெயின்ட்டைச் சுரண்டினால் நாலு மூலையில் நாலு திருகு, தட்டுக் காப்பு மாட்டும் கழுத்து, எம்10 மரை போட்ட தண்டு. இரும்பை வெட்டவும் தேய்க்கவும் எந்தப் பட்டறையிலும் கிடக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரின் தலை. அது ஏன் உடைந்தது என்பதற்குக் கணக்கு போதும். 800 வாட், நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் கிரைண்டரில் தண்டுக்கு வரும் முறுக்குவிசை 0.7 நியூட்டன் மீட்டர். 60 கிலோ ஆள் 17 செ.மீ. மிதிக்கோலில் முழு எடையையும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர். இந்தக் கிட்டில் செயின் 44 பல்லிலிருந்து 22 பல்லுக்குப் போகிறது, அதில் முறுக்கு பாதியாகி 50 பெட்டிக்குள் வருகிறது. 1 நியூட்டன் மீட்டர்கூட வராத வேலைக்குச் செய்ததில் 50. சின்னச் சக்கரத்தின் பற்கள் மொட்டையாகிவிட்டன, கிரீஸில் தூள் மின்னியது. போதாததற்குத் தண்டில் எண்ணெய் சீல் இல்லை, தூசி தடுப்புக் காகித வளையம் மட்டும். கிரைண்டர் தலையை வைத்துச் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், தெரிந்து செய்தால் அது அவரவர் விருப்பம். மரைன் என்று பெயர் வைத்து விற்பது வேறு. கியர்பாக்ஸ் வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: குறைந்த வேகத்தில் எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும்? இத்தனை வாட் என்று மட்டும் பதில் வந்தால் அது பதிலே இல்லை.

பெட்டி உடையாமல் இருந்திருந்தாலும் படகு போயிருக்காது. கொடுத்த புரொப்பல்லர் 7 அங்குல விட்டம், 5 அங்குல பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்), மூன்று தடித்த இதழ். சின்ன மோட்டாருக்கானது. மிதி ஒரு சுற்று சுற்றினால் புரொப்பல்லர் 6 சுற்று. நிமிடத்துக்கு 55 மிதி என்றால் புரொப்பல்லர் 330 சுற்று, நொடிக்கு 5.5. ஒரு சுற்றுக்கு 12.7 செ.மீ. முன்னேறும் திருகு, வழுக்கலே இல்லையென்று வைத்தாலும் நொடிக்கு 70 செ.மீ. மணிக்கு இரண்டரை கி.மீ., கரையில் நடப்பவர் முந்திப் போவார். நொடிக்கு 2 மீட்டர் வேண்டுமென்றால், 15 சதவீத வழுக்கல் சேர்த்து, 43 செ.மீ. பிட்ச் தேவை, ஏறத்தாழ 17 அங்குலம். விட்டம் 12 முதல் 14 அங்குலம், ஒல்லியான இரண்டு இதழ். மனித சக்திக்குப் பெரிய, மெல்லிய, மெதுவாகச் சுழலும் புரொப்பல்லர்தான் ஒத்துவரும். மாதிரி விமானங்களுக்கான நைலான் புரொப்பல்லரைப் பலர் பொருத்துவது இதனால்தான். கல்லில் பட்டால் உடையும், உதிரி ஒன்று படகில் இருக்கட்டும். திசையையும் மேசையிலேயே பார்த்துவிடுங்கள்: பின்னாலிருந்து பார்க்கையில் முன்மிதிக்குத் தண்டு கடிகாரச் சுற்றில் போனால் வலக்கைத் திருகு, எதிர்ச்சுற்று என்றால் இடக்கைத் திருகு. மாறினால் முன்னால் மிதிக்க மிதிக்கப் படகு பின்னால் போகும்.

புரொப்பல்லர் தண்டு "316 எஸ்.எஸ்." (துருவை நன்றாகத் தாங்கும் எவர்சில்வர் வகை) என்று சொல்லி வந்தது, பத்து நாளில் தேநீர்க் கறை போலத் துரு. காந்தம் ஒட்டவில்லை என்பதை நம்பாதீர்கள், மட்டமான 202, 304 வகை இரண்டிலும் பெரும்பாலும் ஒட்டாது. இந்த மூன்றில் 316இல்தான் மாலிப்டினம் சேர்ப்பார்கள், அதைக் காட்டும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் 316 தனியாகத் தெரியும்.

ஏற்கெனவே இப்படிக் கட்டிவிட்டவர்களுக்கு: பலகை கொதிநீர்ச் சோதனையில் தேறி, ரெசின் மட்டும் தவறென்றால் படகு பிழைக்கும். வெப்பக் காற்றால் இளக்கி நாடாவை உரித்து, 60 எண் உப்புத்தாளால் வெறும் மரம் தெரியும் வரை தேய்த்து, எபாக்ஸியில் புதிதாகப் போடுங்கள். தண்டு போகும் துளையின் உள்விளிம்பிலும் மூன்று பூச்சு வேண்டும். இந்தப் படகில் தண்ணீர் முதலில் புகுந்த இடம் அதுதான். பலகையே தவறென்றால் பூச்சு எதுவும் காப்பாற்றாது.

மறுபடி இறக்கும்முன் படகை அடியில் நன்றாகத் தாங்க வைத்து, உள்ளே ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு, வெளியே மூட்டுகளில் செய்தித்தாள் பரப்பி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு தொடையளவு ஆழத்தில் கயிறு கட்டி, ஆளுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றி மிதக்க விட வேண்டும். அதன் பிறகுதான் ஆள், உயிர்காப்பு உடையோடு.

விற்றவரிடம் கேட்டதற்கு, கலவையைக் கெடுத்தது கட்டியவர்தான் என்று பதில் வந்தது. பில்லின் பின்பக்கம் "வெட்டிய, ஒட்டிய பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆகவே பெட்டியைத் திறப்பதைப் படம் பிடியுங்கள். முன்பணம் கட்டும்முன் அதே ஷீட்டின் கையகலத் துண்டு ஒன்று, ஹார்டனர் டப்பாவின் எடை தெரியும் படம், கியர் தாங்கும் முறுக்கு, புரொப்பல்லரின் விட்டமும் பிட்சும், இந்த நாலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெட்டியில் சொன்னபடி வந்தது தையலுக்கான செப்புக் கம்பி மட்டும். 1.2 மி.மீ., நல்ல இளக்கம், மூன்று முறுக்குக்கும் அறவில்லை.