முகாமா, செயலியா, நர்ஸா? ஒரு ஷூ கம்பெனியில் உடல்நலத்துக்கு எதில் பணம் போடுவது

வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் முழு உடல் பரிசோதனை முகாம், போனில் இறக்கிக்கொள்ளும் உடல்நலச் செயலி, வாரத்தில் ஒரே கிழமையில் தவறாமல் உள்ளே வந்து உட்காரும் ஒரு நர்ஸ். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் எங்கள் கம்பெனியில் இந்த மூன்றில் எதற்குப் பணம் ஒதுக்குவது என்ற பேச்சு வந்தது. தொழிலாளர் நலப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் மூன்றையும் கிட்டத்தில் இருந்து பார்க்க முடிந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்தது நர்ஸை. இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் யாருக்காகச் செலவு செய்கிறோம் என்று பார்க்க வேண்டும். எங்கள் தையல் லைனில் பெரும்பாலும் பெண்கள். ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடித்து, மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கில் மிஷினில் உட்கார்ந்தால் மதியம் வரை எழ முடியாது. சுகர், பிரஷர், ரத்தம் கம்மி, தோள்பட்டை வலி, நீர்க்கடுப்பு இவைதான் இங்கே அடிக்கடி காதில் விழுபவை. பெரிய நோய் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. சின்னதாக இருக்கும்போது யாரும் கவனிக்காமல் விட்டதுதான் பிறகு பெரிதாகி நிற்கிறது.

செயலியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லைனுக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வீட்டில் ஒரே போன், அதையும் பிள்ளைகள் வைத்திருப்பார்கள். நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்தவருக்கு நடை எண்ணிக்கைப் போட்டி வைத்தால், வெளியே போய் நடக்க வாய்ப்புள்ள அலுவலகத்துக்காரர்தான் ஜெயிப்பார். கணினி முன் வேலை செய்கிற, ஆளுக்கொரு போன் வைத்திருக்கிற இடத்தில் செயலி கொஞ்சம் உதவலாம். வேலூர் கோட்டையைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களில் பலர் இப்போது போனைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள். ஆனால் அவர்கள் செயலி இல்லாவிட்டாலும் நடப்பவர்கள்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் உடல்நலத் திட்டம் கொடுத்துப் பார்த்தார்கள். விருப்பப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். திட்டத்தால் மருத்துவச் செலவோ, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதோ சொல்லும்படி மாறவில்லை. ஒரு பெரிய கடைத்தொடர் நிறுவனத்தில் சுமார் 33,000 ஊழியர்களிடம் நடந்து 2019-ல் வெளியான இன்னொரு ஆய்விலும், 18 மாதத்துக்குப் பிறகு, உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். பிரஷர், கொழுப்பு, எடை, லீவு எடுப்பது எதுவும் அசையவில்லை. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறுதான். ஆனாலும் சும்மா ஒரு திட்டத்தை அறிவித்துவிட்டு, வருகிறவர் வரட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

முகாமுக்கு வருவோம். முகாமில் நல்லது நிறைய இருக்கிறது. ஒரே நாளில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துவிடலாம். தனக்குச் சுகர் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் அதில் தெரிய வருகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை இலவசப் பரிசோதனை வேண்டும் என்கிறது. அதனால் முகாமை அடியோடு விட்டுவிட முடியாது, விடவும் கூடாது.

ஆனால் முகாம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடி வந்து வரிசையில் நின்றவர் உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அளவு அது. அரை மணிக்குள் டீ குடித்திருக்கவும் கூடாது. அவசரத்தில் பார்த்த ஒரே ஒரு எண்ணை வைத்து ஒருவருக்குப் பிரஷர் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. வேறு வேறு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். அந்த மறுபடிக்கு முகாமில் இடம் இல்லை.

இன்னொன்று, முகாமின் பரிசோதனைப் பேக்கேஜில் என்னென்ன இருக்கிறது என்பது. கொழுப்பின் வகைகள் எல்லாம் வரிவரியாக இருக்கும். கண் பரிசோதனை இருக்காது. தையல் லைனில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டால், ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து மிஷின் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள், தலையைக் குனிந்து குனிந்து கழுத்து வலியை வாங்கிக்கொள்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் அளவு, போடாதவர்களைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது. கண்ணாடி அவ்வளவு மலிவான பொருள். பேக்கேஜ் விலை பேசுகிறவர்கள் கொழுப்புப் பட்டியலில் இரண்டு வரியைக் குறைத்துவிட்டுக் கண்ணைச் சேர்க்கச் சொல்லலாம். நாங்கள் சொன்னோம், சேர்த்தார்கள்.

இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. முகாமுக்கும் நர்ஸுக்கும் இடையில் எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. ரிப்போர்ட் வந்த மறுநாள் என்ன நடக்கிறது?

உறைக்குள் ரிப்போர்ட் வரும். இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்து. கீழே ‘மருத்துவரை அணுகவும்’. அதை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையின் பக்க ஜிப்பில் வைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வருட முகாமில் அதே எண், கொஞ்சம் கூடி. நோயைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. பிரஷர் குறைய வேண்டுமானால் மாத்திரை தினமும் வயிற்றுக்குள் போக வேண்டும், மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்து, குறையவில்லையென்றால் மாத்திரையை மாற்ற வேண்டும். அதை யார் பார்ப்பது?

எங்களிடம் வரும் சிஸ்டர், ஓய்வு பெற்ற நர்ஸ். இந்த ஊரில் அப்படி ஒருவரைத் தேடுவது கஷ்டமே இல்லை. 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கியது சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, நர்ஸ் வேலையை வேலூரில் வீட்டுக்கு வீடு தெரிந்த தொழிலாக ஆக்கிவிட்டது. அதே ஐடா ஸ்கடர் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்த கதையும் இங்கே பலருக்குத் தெரியும். இன்ன கிழமை வருவார் என்று தெரிந்ததால்தான் ஜனங்கள் வழியில் வந்து காத்திருந்தார்கள். நான் நர்ஸுக்காக நிர்வாகத்திடம் பேசும்போது இதைத்தான் சொன்னேன்.

சிஸ்டரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பக்கத்துக்கு ஒருவர். முகாமில் எண் கூடியவர்கள், பிரஷர் 140/90-க்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே உள்ளவர்கள் எல்லோருக்கும் அதில் பக்கம் உண்டு. தேதி, அளவு, மாத்திரை எத்தனை நாளைக்கு மிச்சம். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். மிச்சம் ஒரு வாரத்துக்குக் கீழே என்றால் அந்தப் பேரைப் பென்சிலால் சுழித்து வைப்பார், அடுத்த வாரம் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார். நோட்டு அவருடைய பூட்டிய அலமாரியில் இருக்கும். லைன் சூப்பர்வைசருக்கும் எனக்கும் அதைத் திறக்க உரிமை கிடையாது. எத்தனை பேருக்கு எண் குறைந்தது என்ற மொத்தக் கணக்கு மட்டும் எனக்கு வரும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சுகர் என்று தெரிந்தால் வேலையில் இருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் லைனில் உண்மையாகவே இருக்கிறது.

அந்த நோட்டில் இருந்துதான் எங்களுக்கு மிகப் பெரிய விஷயம் தெரிய வந்தது. பிரஷர் மாத்திரை விட்டுவிட்ட ஓர் அக்காவிடம் சிஸ்டர் காரணம் கேட்டார். “மாத்திரை தீந்துடுச்சு சிஸ்டர். இ.எஸ்.ஐ.க்குப் போனா அரை நாள் லீவு. லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும். அந்தப் பணத்துலதான் பையனுக்கு வேன் ஃபீஸ் கட்டுறேன்.” மற்றவர்களிடம் கேட்டபோதும் இதே பதில். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியும் 3.25 சதவீதம் முதலாளியும் கட்டி வைத்திருக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கப் போகிற அரை நாளுக்கு நாமே அபராதம் போட்டுக்கொண்டிருந்தால், எந்த முகாமும் எந்தச் செயலியும் என்ன செய்ய முடியும்?

இ.எஸ்.ஐ. மருந்தகச் சீட்டைக் காட்டினால் அந்த அரை நாளுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் பிடிப்பதில்லை என்று மாற்றினோம். நிர்வாகம் முதலில் தயங்கியது, எல்லோரும் சீட்டு வாங்கிவந்துவிடுவார்கள் என்று. அப்படி ஆகவில்லை. உடல்நலத்துக்காக நாங்கள் செய்ததில் எனக்கு மிகவும் பெருமையானது இதுதான். இதற்கு ஆன செலவு முகாம் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உங்கள் கம்பெனியில் முகாமா நர்ஸா என்று முடிவெடுக்கும் முன் இந்த ஒரு விதியை எடுத்துப் பாருங்கள்.

தொடர்ந்து கவனிப்பதுதான் பலன் தரும் என்பதற்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சுகர் வரும் நிலையில் இருந்தவர்களைச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டது. சாப்பாடு, நடை பற்றித் திரும்பத் திரும்பப் பேசி வந்ததில் மட்டுமே, சுகர் நோயாக மாறுவது சுமார் 28 சதவீதம் குறைந்தது.

நர்ஸ் உள்ளே இருப்பதால் கிடைக்கும் இன்னொரு லாபம், காரணம் கண்ணில் படுவது. நீர்க்கடுப்பு என்று வரிசையாக வந்தபோது சிஸ்டர் மாத்திரைச் சீட்டோடு நிறுத்தவில்லை. ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டார். பாத்ரூம் போனால் தைத்து முடிக்கும் பீஸ் எண்ணிக்கை குறையும், பீஸ் குறைந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார், அதனால் காலையில் இருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதுவும் வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. லைனுக்கு ஒரு மாற்று ஆளை வைத்து, ஒருவர் எழுந்தால் அவர் மிஷினில் இவர் உட்காரும்படி செய்ததும் புகார் குறைந்தது. ரத்தம் கம்மி விஷயத்தில் கேன்டீன் டீ நேரத்தை மாற்றினோம். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மதியம் சாப்பாட்டோடு கொடுத்த டீயை ஒரு மணி நேரம் தள்ளி, சுண்டலோடு கொடுக்கிறோம். சர்க்கரை தனிக் கிண்ணத்தில்.

எனக்கு அனுபவம் குறைவான இடங்களும் உண்டு. நாங்கள் ஒரே ஷிஃப்ட். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில் வாரம் ஒரு நாள் வரும் நர்ஸ் போதுமா என்பது வேறு கணக்கு. ராத்திரி ஷிஃப்ட்காரர்களை யார் பார்ப்பார் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். தோல் பதனிடும் இடத்தில் ரசாயனம், தோல் அரிப்பு, மூச்சு என்று தேவையே மாறிவிடும். அங்கே நர்ஸ் மட்டும் போதாது, தொழில்சார் நோய் தெரிந்த டாக்டர் வேண்டும். எங்கள் பேஸ்டிங் பகுதியில் பசை வாடைக்குக் காற்றோட்டத்தைக் கூட்டியிருக்கிறோம். அது எவ்வளவு பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் ஆகவேண்டும்.

ஆள் எண்ணிக்கையும் ஒரு கணக்கு. 500 பேருக்கு மேல் இருந்தால் மருத்துவ வசதியுள்ள ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அப்படிப்பட்ட இடத்தில் நர்ஸ் ஏற்கெனவே இருப்பார், அவரைக் காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு நிறுத்தாமல் நோட்டு போடச் சொன்னாலே போதும். ஐம்பது அறுபது பேர் இருக்கும் சின்ன யூனிட் என்றால் தனியாக நர்ஸ் கட்டுப்படியாகாது. சிப்காட்டில் பக்கத்து யூனிட்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கொரு கிழமை. அதுவும் முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்ப்பதற்காக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024 முதல் வேலை செய்யும் இடங்களுக்கும் வருகிறது. வருகிறவர்களிடம் அடுத்து எந்தத் தேதியில் வருவீர்கள் என்று கேட்டு, அந்தத் தேதியை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள்.