மூன்றாண்டு ஒண்டாரியோவா, பதினொரு மாத எண்ணூரா?

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்த ஆறு வாரத்துக்குள் இரண்டு பணி வாய்ப்புகள் எனக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், தொல்குடி மக்களின் சூழல் அறிவை ஆராயும் தொல்குடிச் சூழலியல் துறையில் மூன்றாண்டுக்கான முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வாளர் பணி. மற்றொன்று, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத் திட்டத்தின் கீழ், எண்ணூர் உப்பங்கழியை நம்பி வாழும் இருளர்களும் மீனவர்களும் அந்தக் கழியைப் பற்றி அறிந்து வைத்திருப்பதை ஆவணப்படுத்தும் ஆய்வு இணையர் பணி. ஆணை பதினொரு மாதத்துக்கு மட்டும், நிதி இருந்தால் நீட்டிப்பு. திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த நான் இரண்டாவதை ஏற்றுக்கொண்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. இதே தேர்வின் முன் நிற்கும் இளையவர்கள் சிலர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறேன். எனக்கு எண்ணூர்ப் பக்கம் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்பளத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இங்கே முதல் நிலை ஆய்வு இணையருக்கு மத்திய அரசு 2023-இல் திருத்தி அமைத்த மாதத் தொகை 58,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அங்கே அதைப் போலச் சில மடங்கு. வாடகையும் குளிருக்கான உடுப்பும் போக மிச்சம் பிடிக்கலாம். இங்கே நிதி வரத் தாமதமானால் மூன்று மாதச் சம்பளம் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் வருவதும் உண்டு. வீட்டில் வேறு வருமானம் இல்லாதவர்கள் இதை அலட்சியப்படுத்த வேண்டாம். எனக்கு அப்பாவின் ஓய்வூதியம் தாங்கு கொடுத்தது. அது இல்லையென்றால் இந்தக் கட்டுரையை நான் வேறு விதமாக எழுதியிருக்கவும் கூடும்.

துறையின் ஆழத்தில் கனடாவுக்கு ஈடு சொல்ல முடியாது. அங்குள்ள டிரென்ட் பல்கலைக்கழகம் 1969-லேயே தொல்குடி ஆய்வுக்கென்று தனித் துறை தொடங்கியது. முதற்குடிகள் எனப்படும் கனடாத் தொல்குடிகளிடம் திரட்டும் தரவின் உடைமையும் கட்டுப்பாடும் அவர்களிடமே இருக்க வேண்டும், அது அவர்கள் கைக்கு எட்டும்படியும் அவர்கள் வசத்திலும் இருக்க வேண்டும் என்ற நான்கு கொள்கைகள் 1998-இல் அங்கே வகுக்கப்பட்டுவிட்டன. எனக்கான நேர்காணலிலேயே பேராசிரியர்களுக்குச் சமமாக அனிஷினாபே என்ற தொல்குடிச் சமூகத்து மூத்த பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். ஆய்வுப் பொருள் மனோமின் என்று அவர்கள் அழைக்கும் காட்டரிசி. ஆழமில்லாத ஏரி நீரில் வளரும் அந்தப் பயிரைக் கோடை முடியும் தறுவாயில் இருவர் படகில் சென்று அறுவடை செய்வார்கள். ஒருவர் கழி ஊன்றிப் படகைத் தள்ள, மற்றவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டி மணியைப் படகுக்குள் உதிர்ப்பார். தண்ணீரில் விழும் மணிதான் அடுத்த ஆண்டுக்கு விதை. ஒண்டாரியோவில் படகுகள் செல்ல அமைத்த டிரென்ட் - செவர்ன் நீர்வழிக்கான அணைகள் நீர்மட்டத்தை உயர்த்தியதில் ரைஸ் ஏரி தன் பெயருக்குக் காரணமான அரிசியையே பெருமளவு இழந்தது. எண்ணூரில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆழம் குறைந்ததையும், குளிர்விப்புக்குப் பயன்பட்ட வெந்நீர் கழியில் கலப்பதையும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஏரியின் கதை அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்த மூத்த பெண்மணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எத்தனை அறுவடைக்கு இருப்பீர்கள்? மூன்று என்றேன். குறித்துக்கொண்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை.

பணியின் பெயர் பிற்காலத்தில் எப்படி உதவும் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொல்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் 2007-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா ஆதரித்தது, கனடா எதிர்த்தது. பின்னர் கனடா மனம் மாறி 2021-இல் அதற்கென்று சட்டமே இயற்றியது. இந்தியாவோ தன் குடிமக்கள் அனைவரும் இம்மண்ணின் தொல்குடிகளே என்ற நிலைப்பாட்டில் நிற்கிறது. ஆகவே இங்கே அந்தச் சொல்லைத் தாங்கிய பணியிடத்தைத் தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற நிலையில் உள்ள பழங்குடிகளாக அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் இருளரும் அடக்கம்; அதே கழியில் அவர்களுக்குப் பக்கத்திலேயே வலை வீசும் மீனவர் பழங்குடிப் பட்டியலில் இல்லை. எங்கள் திட்டத்தின் தலைப்பு ‘பாரம்பரியச் சூழலியல் அறிவு’ என்று பொதுவாக இருப்பதற்கு அதுவே காரணம். வெளிநாட்டு முதுமுனைவர் அனுபவம் உதவிப் பேராசிரியர் பணிக்கான தெரிவில் எடுபடும்; பதினொரு மாதத் துண்டுகளாகச் சேர்ந்த அனுபவத்தை ஒவ்வொரு முறையும் சான்றிதழ் வைத்து விளக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஒண்டாரியோவே மேல்.

ஆனால் என் முடிவை மாற்றியது வேறொன்று. ஆணை காலாவதியான மறுநாள், பேட்டி கொடுத்தவருக்கு ஆய்வாளர் யார் என்ற கேள்வி அது.

இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கழியில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். கையில் தட்டுப்பட்ட இறால், கண் பார்ப்பதற்கு முன்பே பறிக்குள் போய்விடும். வாயில் பறி இருப்பதால் பேச முடியாது. ஆகவே பேட்டி என்பது கரையேறிய பிறகுதான். நியமன ஆணை வருவதற்கு முன், நிலைமையை அறிந்து வருவோம் என்று போன முதல் நாள், கரையேறிய ஓர் அக்கா பறியைக் கீழே வைத்துவிட்டு என் குறிப்பேட்டைப் பார்த்துக் கேட்டார்: “முன்னாடி ஒரு பொண்ணு வந்து இதையேதான் கேட்டு எழுதிக்கினு போச்சு தம்பி. அதெல்லாம் என்னாச்சு?”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண் யார், எந்தக் கல்லூரி, அவர் எழுதியது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் பரவி அலையாத்தி மரங்களின் தண்டெல்லாம் கறுத்துக் கிடந்த நாட்களிலும் பலர் வந்து தண்ணீரும் சேறும் எடுத்துப் போனார்களாம். திரும்பி வந்து இதுதான் முடிவு என்று தங்களிடம் சொன்னவர் ஒருவருமில்லை என்றார்கள்.

இத்துறையில் ஓர் ஆய்வுக்கான உண்மையான மூலதனம் ஆய்வகமோ நூலகமோ அல்ல, திரும்பி வருவார் என்ற நம்பிக்கைதான். அதைக் கட்ட ஆகும் காலத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சம்பளம் தருவதாகத் தெரியவில்லை. ஒண்டாரியோவில் முதல் அறுவடை ஆளறிமுகத்துக்கே சரியாகியிருக்கும், மூன்றாவது முடிந்ததும் விசாவும் முடியும். அங்கே கடிதம் எழுதலாம், காணொளியில் பேசலாம். ஏரிக்குப் போய் நிற்க முடியாது. எண்ணூருக்கோ என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகிறது. ஆணை நீட்டிக்கப்படாமல் போனாலும் நான் அதே ஊரில்தான் இருப்பேன், மார்க்கெட்டில் அந்த அக்காவின் கண்ணில் படுவேன். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாத இடத்தில் வேலை பார்ப்பது ஆய்வைத் திருத்துகிறது என்பதை இந்த ஒன்றரை ஆண்டில் பல முறை உணர்ந்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. உள்ளூர்க்காரன் என்பதால் நான் அவர்களில் ஒருவன் ஆகிவிடவில்லை. நான் இருளனும் அல்லன், மீனவக் குடும்பமும் அல்லன். அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. வன்னி, தெண்டி என்று மீனவர்கள் நீரோட்டங்களைப் பிரித்துச் சொல்லும்போது முதல் சில மாதங்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மேலும், கனடாவில் விதியாகவே இருக்கும் தரவு உரிமை பற்றி என் நியமன ஆணையில் ஒரு வரியும் இல்லை. காட்டுக்குப்பத்து மீனவப் பெரியவர்களோடும் இருளர் குடியிருப்புப் பெண்களோடும் உட்கார்ந்து பேசி ஒரு பக்க ஒப்பந்தத்தை நாங்களாகவே எழுதிக்கொண்டோம்: எதைப் பதிவு செய்யலாம், எதை வெளியிடக் கூடாது, பிரதி யாரிடம் இருக்கும் என்று. குஞ்சு இறால் சேரும் இடங்களை எந்தக் கட்டுரையிலும் குறிக்கக் கூடாது என்பது அவர்கள் சேர்த்த வரி. ஒண்டாரியோவின் நடைமுறை ஆவணங்களைப் படித்திராவிட்டால் அப்படி ஒரு தாள் வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்காது. அந்த வகையில் ஏற்காத பணிக்கும் நான் கடன்பட்டவன்.

ஒண்டாரியோவில் வாழ்ந்து பார்த்ததில்லை. மூன்று காணொளிப் பேச்சும், அங்கு முதுமுனைவராக இருக்கும் ஒரு தோழியின் மடல்களுமே என் அறிவு. அத்தகைய பணியிடங்களில் தொல்குடி விண்ணப்பதாரர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நான் விலகிய இடம் அவர்களில் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் மகிழ்ச்சியே. சொந்த ஊர் தன் ஆய்வுக்களம் அல்லாதவர், கடனுள்ளவர், முறைமைகளைக் கற்றுத் திரும்பிவரும் திடமான எண்ணம் உள்ளவர் அங்கே போவதில் ஒரு குறையும் காணமாட்டேன்.

1996-இல் ஒப்புதலான கடற்கரை மண்டலத் திட்ட வரைபடத்தில் தெளிவாக இருந்த இந்த உப்பங்கழி, பிற்காலத்து வரைபடம் ஒன்றில் பெரும்பகுதி காணாமல் போனது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே எங்கள் முதல் வேலை வரைபடம்தான். காடாத் துணியில் பெண்களே கரித்துண்டால் கோடிழுத்து, ஒவ்வொரு திட்டுக்கும் மடுவுக்கும் தாங்கள் வழங்கும் பெயரைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பல்கலைக்கழகத்தில் இருப்பது அதன் நிழற்படம். துணி, முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட அக்காவின் வீட்டில் அரிசிப் பானைக்கு மேலே பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதை விரித்துப் பார்க்க வேண்டுமென்றால் முந்தின நாளே கேட்டுக்கொண்டுதான் போகிறேன்.