பழைய லீவர் ரைஃபிளில் கோணல் சைட்: என் பல வருட அனுபவம்

தாத்தா வைத்திருந்த .22 லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள் 2012-இல் என் பெயருக்கு லைசென்ஸ் மாறி வந்தது. அமெரிக்கத் தயாரிப்பு. ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலும் தோப்பும் இருந்த காலத்தில் காவலுக்கென்று வாங்கியது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு, அதுவும் முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, அதற்கு வயலில் வேலை கிடையாது. நான் இதை ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் காகித இலக்கைச் சுட மட்டுமே பயன்படுத்துகிறேன். 2019 சட்டத் திருத்தத்தில் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று வந்தபோது வீட்டிலிருந்த மூன்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. எதைக் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, இதை விடுவதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அவ்வளவு பிடித்த துப்பாக்கிக்கு ஒரே ஒரு குறை. குறிபார்ப்பதற்காகக் குழலின் மேல் முன்னும் பின்னும் இருப்பவைதான் சைட்; பின்சைட்டின் பள்ளத்தில் முன்சைட்டை வைத்துக் குறிபார்க்க வேண்டும். வந்த நாளிலிருந்தே பின்சைட் நடுவில் இல்லை. அதைச் செருகியிருக்கும் டவ்டெயில் காடியின் (குறுக்குப் பள்ளத்தின்) வலது ஓரத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி வைத்தால்தான் குண்டு இலக்கின் நடுவில் போகும். நடுவுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் இடப்பக்கம் அரைச் சாண் அளவுக்குத் தள்ளிப் போய் விழும். "பழைய சாமான், அப்படித்தான் இருக்கும்" என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. பின்சைட் ஓரத்துக்குப் போயிருக்கிறது என்றால் வேறெங்கோ ஒரு கோணலை அது மறைக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பின்சைட்டை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால் பிரச்சினை தீராது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். என் ரைஃபிளில் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி சுமார் 50 சென்டிமீட்டர். இலக்கு 50 மீட்டரில். அதாவது நூறு மடங்கு. சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் 10 சென்டிமீட்டர் விலகும். பின்சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ குண்டும் அந்தப் பக்கமே போகும். முன்சைட்டுக்கு அது நேர் எதிர். ஆக, முன்சைட்டின் மணி (கம்பி நுனியில் இருக்கும் சின்னக் குமிழ்) வலப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலே போதும், நான் பார்த்தது அத்தனைக்கும் விடை கிடைத்துவிடும். மணி பேரலின் (குழலின்) மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அந்த உயரத்தில் மூன்று டிகிரி சாய்வு என்பது ஒரு மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்கு அது சட்டென்று தெரியாது.

தெரிய வைத்தவர் எங்கள் வீட்டில் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார். அவருடைய ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கேட்டு வாங்கினேன். தோட்டா எதுவும் இல்லை என்று சேம்பரையும் (தோட்டா வெடிக்கும் அறை) ட்யூப்பையும் (மற்றத் தோட்டாக்கள் இருக்கும் குழாய்) இரண்டு முறை பார்த்துவிட்டு, லீவரைத் திறந்தே வைத்து, வைஸில் துணி சுற்றித் துப்பாக்கியைப் பிடித்தோம். ரிசீவரின் (லீவரும் பொறியும் அடங்கிய நடு உடலின்) தட்டையான பக்கவாட்டை மட்டம் பார்த்து நிமிர்த்தினோம். எதிர்ச் சுவரில் தூக்குநூல் தொங்கியது. பின்னாலிருந்து பார்த்தபோது பின்சைட்டின் பள்ளம் நூலுக்கு இணையாக நிமிர்ந்து நின்றது. முன்சைட் மட்டும் நூலுக்குச் சாய்வாக நின்றது. நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "அண்ணாச்சி, மூக்கு மட்டும் வலப்பக்கம் சாயுதுல்லா?"

இந்தச் சோதனையில் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: ரிசீவர், பின்சைட், முன்சைட். லீவர் ரைஃபிள்களில் பெரும்பாலும் இரண்டு சைட்டும் பேரல் மீதே இருக்கும். பேரலை யாராவது கழற்றி, முழுக்க இறுக்காமல் விட்டிருந்தால் இரண்டு சைட்டும் சேர்ந்தே சாயும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் குண்டு பெரிதாக விலகாது. முன்சைட் மட்டும் சாய்ந்திருந்தால்தான் என் கதை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேரலைத் திருகக் கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது காரணமும் கிடைத்தது. முன்சைட் நிற்கும் ராம்ப் என்கிற மேடை பேரலில் ஈயப்பற்றால் ஒட்டியது. தாத்தாவின் கடைசிக் காலத்தில் ஒரு கடையில் கொடுத்து ப்ளூயிங் (துருப்பிடிக்காமல் இரும்புக்குக் கருநீலப் பூச்சு ஏற்றுவது) செய்திருந்தார்கள். சூடான காஸ்டிக் உப்புக் கரைசலில், 140 டிகிரி சூட்டில் முக்கி எடுக்கிற வேலை அது. ஈயப்பற்று அதற்குத் தாங்காது. ராம்ப் விட்டுப்போயிருக்கிறது, கண் அளவில் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். ராம்ப் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தின் விளிம்பு மயிரிழைக் கோடாக இடப்பக்கம் இன்னும் தெரிந்தது. இப்போதைய விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி. அந்த அரை மில்லிமீட்டர் பேரலின் வளைவில் மூன்று டிகிரி.

சரி, பின்சைட்டை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நானும் சில வருடம் அப்படித்தான் ஓட்டினேன். சாய்ந்த கம்பியைப் பார்த்தால் கை தன்னையறியாமல் துப்பாக்கியைச் சாய்த்து அதை நிமிர்த்தப் பார்க்கும். துப்பாக்கி இடப்பக்கம் சாய்ந்தால் குண்டும் இடப்பக்கம் போகும். சாதாரண வேகமுள்ள .22 தோட்டா 50 மீட்டர் போவதற்குள் குழல் பார்க்கும் கோட்டிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. மூன்று டிகிரி சாய்த்தால் அதில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டுக்குப் போய்விடும். 100 மீட்டரில் இது நாலு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாய்த்தாலாவது பரவாயில்லை. அப்படி யாராலும் சாய்க்க முடியாது. பின்சைட்டை எவ்வளவு நகர்த்தினாலும் இந்தச் சிதறல் அடங்காது.

துப்பாக்கியைப் பழுது பார்க்க லைசென்ஸ் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து லேத் பட்டறையில் அல்ல. மதுரையில் ஒரு கடையில் கொடுத்தேன். ராம்பை எடுத்து, பழைய ஈயத்தைச் சுத்தமாக வழித்து, ரிசீவரை மட்டத்தில் பிடித்து மறுபடி ஒட்டினார்கள். திரும்ப ப்ளூயிங் தொட்டியில் போடாமல், அந்த இடத்தில் மட்டும் குளிர்முறைச் சாயம் தடவச் சொன்னேன். இப்போது பின்சைட் காடியின் நடுவில் இருக்கிறது. கிளப்பில் கோச் அண்ணாச்சி இலக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் தம்பி துப்பாக்கி உம்ம பேச்சைக் கேக்கு" என்றார்.

திரும்ப ஒட்டிய பிறகும் சைட் நகர்ந்துவிடும், அல்லது நகர்ந்தது போலத் தோன்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. முதல் காரணம் தேர்தல். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே பத்துப் பதினைந்து துப்பாக்கிகளோடு சேர்த்துச் சாத்தி வைத்திருப்பார்கள். 2021 தேர்தல் முடிந்து வாங்கியபோது பின்சைட்டில் புதுக் கீறல், நிலையும் மாறியிருந்தது. அதிலிருந்து பின்சைட்டையும் பேரலையும் சேர்த்து ஊசியால் மெல்லிய கோடு ஒன்று போட்டிருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பித்தளைத் துண்டு வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கோட்டைச் சேர்த்துவிடலாம். இரும்பு வைத்துத் தட்டவே கூடாது. காடி தளர்ந்திருந்தால் சைட்டை அரத்தால் ராவவும் கூடாது.

இரண்டாவது நம்ம ஊர் வெயில். முன்சைட்டில் பித்தளை மணி இருந்தால் வெயில் படுகிற பக்கம் மினுங்கும். கண் அந்த மினுக்கத்தையே மணி என்று எடுத்துக்கொள்ளும். வெயில் இடப்பக்கம் இருந்தால் குண்டு வலப்பக்கம் போகும். காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் மறுபக்கம் என்று குழப்பிவிடும். சைட் நகர்ந்துவிட்டது என்று நினைத்துச் சுத்தியலை எடுக்குமுன், தோட்டாவையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஒரு கட்டி கற்பூரத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் மணியைக் காட்டுங்கள். கரி படிந்து மங்கலான கறுப்பாகிவிடும். சுட்டு முடித்ததும் துணியால் துடைத்தால் போய்விடும்.

வீட்டில் .30-30 வின்செஸ்டர் 94 மாதிரி பெரியது வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேரலையும் மேகசின் ட்யூப்பையும் முன்கட்டையையும் வளையங்கள் சேர்த்துப் பிடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டை ஈரம் வாங்கி ஊதினால் அந்த அழுத்தம் பேரலுக்குப் போகும், குண்டு விழும் இடம் மாறும். அது சைட்டின் குற்றமே அல்ல. 1980-களுக்கு முந்தைய 94-இல் காலித் தோட்டா மேலே எகிறுவதால் டெலஸ்கோப்பை நேர் மேலே மாட்டவும் முடியாது. சைட்தான் கதி. கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை சுட்டுப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

எனக்கு இன்னும் பாக்கியிருப்பது பின்சைட்டுக்கு அடியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் படிப்பட்டை. அதன் மூன்றாவது படி தேய்ந்து வழுக்குகிறது, சில சமயம் சுட்ட அதிர்வில் ஒரு படி இறங்கிவிடும். மதுரைக் கடையில் மாற்றுப் பட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை இரண்டாவது படியில் வைத்து, இலக்கின் மேல் விளிம்பைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.