‘மெட்டீரியல் ரொப்பித் தர்றேன்ணா’ என்று வருகிறவனிடம் உஷார்: டர்பன், ஜோபர்க் கமாண்டர்கள் கவனத்துக்கு

எலீட் டேஞ்சரஸ் என்கிற விண்வெளிக் கப்பல் ஆட்டத்தை ஆடுகிற நம்மாட்கள் (ஆட்டத்தில் எங்களுக்குக் கமாண்டர் என்று பெயர்) இந்தத் தென்னாப்பிரிக்காவில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரையும் குறிவைத்து ஒருவன் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறான். என்னிடமிருந்து 450 ராண்ட் போனது. ஃப்ளீட் கேரியர் என்கிற பெரிய தாய்க்கப்பல் வாங்கச் சேர்த்து வைத்திருந்த 300 கோடிச் சொச்சம் கிரெடிட்டும் (ஆட்டத்துக் காசு) சேர்ந்து போனது. எப்படிப் போனது என்பதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவன் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் ஆள் விழுகிறார்கள்.

கப்பலை நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவ வைக்கிற எஃப்.எஸ்.டி. இன்ஜினை ஐந்தாம் கிரேடுக்கு ஏற்ற, ஆட்டத்து இன்ஜினியர் ஃபெலிசிட்டி ஃபார்சியரிடம் போனவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஒவ்வொரு ரோலுக்கும், அதாவது ஏற்றிப் பார்க்கிற ஒவ்வொரு முயற்சிக்கும், மூன்று மெட்டீரியல் வேண்டும்: ஆர்சனிக், கெமிக்கல் மேனிப்புலேட்டர்ஸ், டேட்டாமைன்ட் வேக் எக்ஸெப்ஷன்ஸ். முதல் இரண்டும் எப்படியாவது சேர்ந்துவிடும். மூன்றாவதுதான் உயிரை வாங்கும். பஞ்சம் பிடித்த நட்சத்திர சிஸ்டமாகத் தேடிப் போய், டிஸ்ட்ரிபியூஷன் சென்டர் சிக்னலில் நின்றுகொண்டு, கப்பல்கள் தாவிப் போனதும் விட்டுச்செல்கிற வேக்கை (தடத்தை) ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வேண்டும். அதிலும் பத்துக்கு எட்டு வேறு ஏதோ தரும். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு கிடைக்கிற நேரத்தில் இதைச் செய்வது சாமானியம் இல்லை. (2023-இல் ஆறாம் ஸ்டேஜ் லோட்ஷெடிங் மின்வெட்டிலும் இன்வெர்ட்டர் வைத்து ஆடின கூட்டம்தான் நாங்கள். இருந்தாலும் எதற்கும் ஒரு அளவு உண்டு.)

நம்மாட்கள் குரூப்பில் நான் புலம்பியதைப் பார்த்துவிட்டுத் தனியாக வந்தான். “வணக்கம்ணா, நான் ஃபீனிக்ஸ் பையன்தான். உங்க மச்சானோட விங்ல ஓட்டிருக்கேன். நீங்க ஏன் ராத்திரி கண்ணு முழிக்கிறீங்க, ரெண்டு நாள்ல எல்லாத்தையும் ரொப்பித் தர்றேன்.” 900 ராண்ட், பாதி முன்பணம். பேங்க்கிலிருந்து உடனே பணம் அனுப்புகிற பேஷேப்பில் செல் நம்பருக்கே போடச் சொன்னான். மச்சான் பெயர், அவர் ஓட்டும் கப்பல் எல்லாம் சரியாகச் சொன்னான். குரூப்பில் யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடிய விஷயம்தான் அது.

அடுத்து லாகின் கேட்டான். இங்கேதான் அவன் கெட்டிக்காரன். “மெட்டீரியலைக் கைமாத்த முடியாதுண்ணா, உங்க கணக்குக்குள்ள வந்துதான் சேக்கணும்” என்றான். நூற்றுக்கு நூறு உண்மை. கப்பல் இன்ஜினியரிங் மெட்டீரியலை இன்னொரு கமாண்டருக்குக் கொடுக்கவோ விற்கவோ இந்த ஆட்டத்தில் வழியே கிடையாது. (ஒடிஸி என்கிற கூடுதல் பகுதியில் நடந்து பொறுக்குகிற சாமான்களைக் கேரியர் பாரில் வைத்து விற்கலாம், அது வேறு கதை.) கணக்கை இன்னொருவருக்குக் கொடுப்பது விதிப்படி தப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. புது மெஷினில் உள்ளே போனால் நம் மெயிலுக்கு ஒரு கோட் வரும். “எக்ஸ்பயர் ஆயிடும், சீக்கிரம் அனுப்புங்கண்ணா” என்று அவசரப்படுத்தினான். “நீங்க உள்ள வந்தா நான் வெளிய விழுந்துருவேன், முடிச்சிட்டுச் சொல்றேன்” என்றும் சொல்லி வைத்தான்.

முடித்துவிட்டு, மீதி 450 கேட்டு மெசேஜும் போட்டான். அந்த நெஞ்சழுத்தத்தை என்ன சொல்ல!

உள்ளே போய்ப் பார்த்தேன். வேக் எக்ஸெப்ஷன்ஸ் மூன்று இருந்தது, மூன்றாகவே இருந்தது. கிரெடிட் துடைத்துவிட்ட மாதிரி. என் அனகோண்டா எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு கேரியரில் நின்றது, வயிறு முட்டத் தங்கம். விற்கிற திரையைத் திறந்ததும்தான் விஷயம் விளங்கியது: சராசரி விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

மெட்டீரியல் கைமாறாது, ஆனால் கிரெடிட் மாறும். கேரியர் வைத்திருப்பவர் தன் சந்தையில் தானே விலை வைக்கலாம். தங்கத்துக்கு யானை விலை போட்டுவிட்டு, அடுத்தவர் கணக்கிலிருந்து வாங்க வேண்டியது, விண்வெளியில் கொட்ட வேண்டியது, திரும்ப வாங்க வேண்டியது. கணக்கில் இருப்பதெல்லாம் கேரியர்காரனுக்குப் போய்ச் சேரும். அதை அவன் இன்னொருவருக்கு ராண்டுக்கு விற்பான். வேக் ஸ்கேனில் கை வைக்கும் எண்ணமே அவனுக்கு இருந்திருக்காது.

அவன் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நன்றாகப் பாருங்கள். ஐந்தாம் கிரேட் மெட்டீரியல் எதுவாக இருந்தாலும் 100-க்கு மேல் கணக்கில் ஏறாது. நான்காம் கிரேட் 150, மூன்றாம் கிரேட் 200. அவன் படத்தில் வேக் எக்ஸெப்ஷன்ஸ் 140. திருத்தின படம். வேறு நம்பரிலிருந்து ஜோபர்க் தம்பி ஒருவருக்கு வந்ததும் இதே படம்தான்.

வேக் ஸ்கேன் அலுத்துவிட்டதென்றால் ஹிப் 12099 என்கிற சிஸ்டத்தில், ஆட்டத்துக் கதையில் வரும் ஜேம்சனின் கப்பல் விழுந்த இடத்துக்குப் போங்கள். பீக்கன்களை ஸ்கேன் செய்து, மெனுவுக்குப் போய்த் திரும்ப வந்தால் மறுபடி கிடைக்கும். சோலோவில் (தனியாக ஆடும் முறையில்) போனால் யாரும் சுடவும் மாட்டார்கள். அங்கே கிடைக்கும் ஐந்தாம் கிரேட் அடாப்டிவ் என்க்ரிப்டர்ஸ் ஆறைக் கொடுத்தால் மெட்டீரியல் மாற்றித் தருகிற ஆட்டத்து வியாபாரியான என்கோடட் டிரேடர் ஒரு வேக் எக்ஸெப்ஷன் தருவார். கொள்ளை விலைதான், ஆனால் லாகின் கேட்க மாட்டார்.

பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு: பேஷேப்பில் போனது தானாகத் திரும்பாது. ஆனாலும் பேங்க்கின் ஃபிராடு லைனுக்கு உடனே போன் போட்டு ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனில் கிரெடிட், கேரியர் என்று ஆரம்பித்தால் ‘விளையாட்டுக் காசா?’ என்று சிரிப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏமாற்றி வாங்கின ராண்டையும் பாஸ்வேர்டையும் முதலில் சொல்லுங்கள். சைபர்கிரைம்ஸ் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கேஸ் நம்பர் எழுதினார்கள். வாட்ஸ்அப் பேச்சை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், அவன் நம்பர் தெரிகிற மாதிரி. மெயிலுக்கும் ஆட்டத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்கள் முதலில் மெயிலை மாற்றிவிட்டு, பிறகு ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள்.