கடற்கரைக் கேனா, உப்புப் பையா?

சென்னையில் கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் பலரும் முதலில் கேட்பது, கடல் பக்கத்திலேயே இருக்கும்போது, நன்னீரில் கரைத்துக் கடல்நீர் தயாரிக்கப் பையில் விற்கும் உப்புக்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதுதான். கேள்வி நியாயமானதே. 100 லிட்டர் தொட்டியில் வாரம் 15 லிட்டர் மாற்றுவதற்கு ஒரு கேன் கடல்நீர் போதும். அதையே நாம் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 36 கிராம் வீதம் அரை கிலோவுக்கு மேல் உப்பு கரையும். அந்த உப்பும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

ஆனால் கடல் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடி, கங்கை, கோதாவரி நன்னீரைக் கலந்துகொண்டு வருகிறது. மழையும் கூவமும் அடையாறும் சேர, கிலோ நீருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பளவு 30க்கும் கீழே இறங்கிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் கூடவே குறையும். முகத்துவாரத்துக்கு அருகே எடுத்த நீரில் கழிவும் இருக்கும். அதை எந்த மாதத்திலும் தொட வேண்டாம்.

சுத்தமான கடல்நீரிலும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மூடிய கேனில் அவை செத்து அழுகினால் அம்மோனியா ஏறும். பிளீச்சிங் திரவம் விட்டு, காற்றோட்டத்துடன் ஒரு நாள் வைத்து, சோடியம் தயோசல்ஃபேட்டால் குளோரினை முறித்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஓசியில் கிடைத்த தண்ணீருக்கு இத்தனை உபசாரம்!

உப்புப் பையிலும் சிக்கல் உண்டு, அது தண்ணீரில். போர்வெல் நீரின் சிலிகேட்டால் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். வீட்டு ஆர்.ஓ. நீரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள்: குடிக்கச் சுவையாக இருப்பதற்காக அந்த இயந்திரங்கள் பலவற்றில் தாது உப்புகளைத் திரும்பக் கலந்துவிடுகிறார்கள். சவ்வைத் தாண்டியதும் தாது கலக்கும் பகுதியைத் தவிர்த்து நீரை எடுத்து, மிச்ச அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வழியே விட்டு, கரைந்த பொருள்களின் அளவான டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும்வரை பார்க்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் கார்பனேட் வீழ்படிந்து பால்போல் கலங்கும். கலங்கியது திரும்பக் கரைவது அரிது.

பவளம் வளர்ப்பவர் உப்புப் பைக்கே போகட்டும் என்பது என் கட்சி. பவளத்துக்குத் தூய்மையைப் போலவே, வாரத்துக்கு வாரம் மாறாத நீரும் முக்கியம். மீன் மட்டும் வைப்பவர் பிப்ரவரி முதல் மே வரை நல்ல இடத்துக் கடல்நீரை எடுக்கலாம். உப்பளவு கொஞ்சம் குறைந்திருந்தால் பை உப்பைக் கலந்து சரிக்கட்டலாம். எந்த வழியானாலும் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். அதை 35 அளவுத் திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுவது மட்டும் எப்போதும் டி.ஐ. நன்னீர், உப்பு ஆவியாவதில்லை.